புரெவி போன மறுநாள் தொடங்கிய புத்தகம்

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு எங்கள் வீட்டில் யாரும் நித்திரை கொள்ளவில்லை. புரெவி சூறாவளி திருகோணமலைக்குச் சற்று வடக்கே கரையேறப் போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கரையோரச் சனம் பள்ளிக்கூடங்களுக்குப் போயிருந்தது, திருக்கடலூரில் வள்ளங்களை வீதி வரைக்கும் இழுத்து ஏற்றிக் கட்டியிருந்தார்கள். சொன்ன பக்கத்திலேயே, சொன்ன இரவிலேயே அது கரையேறியது. ஆனால் விடிந்து பார்த்தால் பயந்த அளவுக்குச் சேதம் இல்லை. கரையில் நின்ற பெரியப்பா, "சும்மா எங்களைக் கிளப்பி விட்டவங்கள் தம்பி, இனிச் சொன்னாலும் நான் எழும்ப மாட்டன்" என்றார்.

எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. 1964 டிசம்பரில் வட இலங்கையைக் கடந்துபோய்த் தனுஷ்கோடியை அழித்த சூறாவளியின் கதையை எனக்குச் சொன்னவரே அவர்தான். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பை அடித்த சூறாவளியில் 900க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனதும் அவருக்கு நல்லாத் தெரியும். அப்படிப்பட்ட மனிதரே இனி எழும்ப மாட்டேன் என்றால், முன்னறிவிப்பு என்பது என்ன, அதை எப்படிச் செய்கிறார்கள், எந்த இடத்தில் நம்பலாம், எந்த இடத்தில் அவர்களுக்கே சந்தேகம் இருக்கிறது என்பதையெல்லாம் தமிழில் ஒருவரும் அவருக்கு உட்கார்ந்து சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்? அன்றைக்குத் தொடங்கியது, இப்போது புத்தகமாக முடிந்திருக்கிறது. அட்டையும் தலைப்பும் இன்னும் இறுதியாகவில்லை. ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் அதிகம் பாடுபட்டு எழுதியது, ஒரு சூறாவளிக்கு ஏன் ஒரே ஒரு பாதையை மட்டும் சொல்ல முடியாது என்ற அத்தியாயம். ஐரோப்பிய வானிலை மையம் ஒரே கணக்கை, தொடக்க நிலையைத் துளித்துளியாக மாற்றி, 51 தடவை ஓட்டுகிறது. நடுக்கடலின் வெப்பம், ஈரப்பதன், காற்று எல்லாவற்றையும் ஒரு இடம் விடாமல் அளக்க முடியாது, அளவில் சின்னப் பிசகு இருந்தாலும் நாட்கள் போகப் போக அது வளரும். 1961இல் அமெரிக்க வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று போட்டுக் கணினியை ஓட்டினார், கடைசியில் வேறொரு வானிலையே வந்து நின்றது. இதைப் பெரியப்பாவுக்கு நான் சொன்ன விதம் இது: டச்சுக்குடாவிலிருந்து 51 வள்ளங்களை ஒரே நேரத்தில் விடுகிறோம், ஒவ்வொன்றின் சுக்கானும் ஒரு நூலளவு வித்தியாசமாகத் திரும்பியிருக்கிறது, சுக்கானை அப்படியே அசையாமல் கட்டியும் விட்டாயிற்று. பொழுதுபடும்போது எல்லாம் நிலாவெளிப் பக்கம் குவிந்து நின்றால் நிலாவெளி என்று துணிந்து சொல்லலாம். பாதி மூதூர்ப் பக்கமும் பாதி முல்லைத்தீவுப் பக்கமும் சிதறிக் கிடந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ரெண்டு பக்கத்துக்கும் சொல்லத்தானே வேணும்" என்றார். அதே வார்த்தையைத்தான் அந்த அத்தியாயத்தின் முதல் வரியாக வைத்திருக்கிறேன்.

வரைபடத்தில் கூம்பு மாதிரி ஒன்று கீறுவார்களே, அதைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறேன். அது சூறாவளியின் பருமன் இல்லை. அதன் மையம் போகக்கூடிய இடத்தின் எல்லை மட்டுமே. அமெரிக்கத் தேசிய சூறாவளி மையம் கீறும் கூம்பில்கூட மையம் அதற்குள் நிற்பது ஏறத்தாழ மூன்றில் இரண்டு தடவைதான். கூம்புக்கு வெளியே இருக்கிறோம் என்று நிம்மதியாகப் படுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய கதைகளும் உண்டு, அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ஹென்றி பிடிங்டனுடையது. கல்கத்தாவில் இருந்த இவர்தான் பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை உருவாக்கியவர். மாத்லா ஆற்றங்கரையில் போர்ட் கேனிங் என்ற துறைமுகம் கட்டப் போகிறார்கள் என்றதும், ஒருநாள் கடல் ஏறி அதை அழிக்கும் என்று 1853இல் கவர்னர் ஜெனரலுக்கே எழுதினார். கேட்கவில்லை, கட்டினார்கள். 1867இல் சூறாவளியோடு கடல் ஏறி வந்து துறைமுகத்தைச் சிதைத்தது. நம்முடைய இதே வங்காள விரிகுடா!

சரி, எச்சரிக்கையால் உண்மையில் உயிர் தப்புமா? ஒடிசாவைப் பாருங்கள். 1999 சூறாவளியில் சுமார் 10,000 பேர் இறந்த அதே கரையில் 2013இல் பைலின் வந்தபோது கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள், இறந்தவர்கள் சில பத்துப் பேர்தான். சனம் எழும்பிப் போனதுதான் முக்கிய காரணம்.

பிறகு, 2025 நவம்பரில் டித்வா வந்தது. கைப்பிரதி முக்கால்வாசி முடிந்திருந்த நேரம், மழையைப் பற்றி நான் ஐந்து பக்கம்தான் எழுதியிருந்தேன். காற்றின் வேகத்தை வைத்துப் பார்த்தால் டித்வா பெயர் வைக்கப்படும் சூறாவளிகளில் மிகக் கீழ்ப்படியைச் சேர்ந்தது. ஆனால் கொட்டிய மழையில் மலைநாடு சரிந்தது, அந்தத் தண்ணீர் மகாவலியால் இறங்கி மூதூர், வெருகல் பக்கத்து ஊர்களை மூழ்கடித்தது, நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். "எத்தனை கிலோமீற்றர் வேகம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம் எல்லோரும், நானும்தான். அந்த ஐந்து பக்கத்தையும் கிழித்துப்போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினேன். மெதுவாக நகரும் சூறாவளி ஏன் ஆபத்தானது, எங்கோ பெய்யும் மழை எத்தனை நாளில் நம் வாசலுக்கு வரும், நிலம் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் இப்போது புத்தகத்தின் மிகப் பெரிய அத்தியாயமாக இருக்கிறது, அதைக் குறைக்கச் சொல்லி யார் கேட்டாலும் நான் குறைக்கப் போவதில்லை.

சமன்பாடுகள் எதுவும் கிடையாது. தாழமுக்கம், ஆழ்ந்த தாழமுக்கம், சூறாவளி என்று வானொலியில் சொல்லும் சொற்களையே வைத்திருக்கிறேன், வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று கடலுக்குப் போகிறவர்கள் சொல்லும் காற்றுப் பெயர்களையும் விடவில்லை. ஓ.எல். படிக்கிற பிள்ளை வாசித்து வீட்டில் அம்மம்மாவுக்குச் சொல்லக்கூடிய மாதிரித்தான் எழுதியிருக்கிறேன்.

மாரி தொடங்குவதற்கு முன், எப்படியும் ஐப்பசிக்குள், கைக்கு வர வேண்டும் என்று நிற்கிறேன். வாங்குங்கள், வாங்கினால் வாசித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். கரைவலை வாடிகளில் ஒவ்வொரு பிரதி வைக்கவும் விருப்பம், சல்லியிலும் சாம்பல்தீவிலும் ஏற்கெனவே கேட்டுவைத்திருக்கிறேன். முழுவதும் வாசிக்க நேரமில்லை என்றால் மழை அத்தியாயத்தை மட்டுமாவது முதலில் எடுங்கள், பெரியப்பாவும் இப்போது அதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார்.