.38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு எந்த வெடிமருந்து, எந்த பிரைமர்?

அமெரிக்காவில் ரிவால்வர் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பத் தொடங்குகிறவர்கள் பலர் .38 ஸ்பெஷலில்தான் கைவைக்கிறார்கள். நிறைய இடம் பிடித்த பழைய கரிமருந்துக் காலத்து உறை என்பதால் உள்ளே இடம் தாராளம், ஆபத்தும் அங்கேதான். புல்ஸ்ஐ என்ற பிராண்டைப் போல வேகமாக எரியும் மருந்து அடியில் துளியாகக் கிடக்கும், தவறி இருமுறை கொட்டினாலும் வழியாது. சுட்டால் சிலிண்டரே பிளக்கலாம். அதனால் முதலில் யூனிக் என்ற பிராண்டைப் போல அதைவிட அதிக இடம் பிடிக்கும் மருந்தே நல்லது. மருந்துத் தயாரிப்பாளரின் கையேட்டிலுள்ள தொடக்க அளவைத் தாண்ட வேண்டாம். குண்டு வைக்குமுன் ஒவ்வோர் உறைக்குள்ளும் விளக்கடித்துப் பாருங்கள்: மருந்தில்லாத உறையில் பிரைமர் (உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு குப்பி) மட்டும் வெடித்து, குண்டு குழலில் சிக்கிக்கொள்ளும், அடுத்ததைச் சுட்டால் குழல் போச்சு.

பிரைமர், சாதாரண ஸ்மால் பிஸ்டல் வகை போதும். அதைவிட வலுவான மேக்னம் பிரைமர் அழுத்தத்தைக் கூட்டும். பிரைமர் உறையின் அடிமட்டத்துக்குச் சற்று உள்ளே இறங்கியிருக்க வேண்டும், விரலால் தடவினாலே தெரியும். துருத்திக்கொண்டிருந்தால் சிலிண்டர் சுழலாமல் இறுகிவிடும்.