கரண்ட் இருக்கா?

சனிக்கிழமை சாயங்காலம் கொல்லைப்பக்கத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "டேய், கரண்ட் இருக்கா பாரு."

மடியில் லேப்டாப்போடு சோபாவில் கிடந்தவன் தலையைத் தூக்கினேன். ஹால் லைட் எரிந்தது. "இருக்கும்மா."

நாலு மணி நேரம் ஊறிய உளுந்து கிரைண்டருக்குள் போனது. ஸ்விட்ச் போட்டால் கல் அசையவில்லை. லைட் ஓடியது இன்வெர்ட்டரில். கிரைண்டர் பாயின்ட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அடுத்த கால் மணி நேரம் என் இன்ஜினியரிங் படிப்பு, அதற்காக அடகுக்குப் போன ரெட்டைவடம், ஐந்தாம் வகுப்பில் நான் தொலைத்த டிபன்பாக்ஸ் எல்லாம் வரிசையாக விசாரணைக்கு வந்தன. தீர்ப்பு இப்படி முடிந்தது:

"லைட்டைப் பார்த்தா சொல்லுவே? அது என்னைக்கு அணைஞ்சிருக்கு? ஃபிரிட்ஜைத் திற. உள்ள லைட் எரிஞ்சா கரண்ட் இருக்கு. எரியலைன்னா பல்பு போயிருக்கா பாரு. எதிர்வீட்டு மாமாகிட்ட மட்டும் கேக்காதே, அவர் எப்பவும் பத்து நிமிஷத்துல வந்துடும்பார். ஒண்ணும் புரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. இருக்குன்னு சொல்லாதே."

வயிற்றெரிச்சல் என்னவென்றால், மடியில் நான் அப்போது எழுதித் திணறிக்கொண்டிருந்ததும் இதையேதான்.

அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை நள்ளிரவு ஆபீஸில் பேமென்ட் சர்வீஸ் படுத்துவிட்டது. 2.15க்கு மேனேஜர் விழித்துக்கொண்டு, நாங்கள் பெருமையோடு பெற்று வளர்த்த ஏஐ சாட்பாட்டிடம் "பேமென்ட் எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அது பளிச்சென்று பதில் சொன்னது: "தற்போது பிரச்சினை எதுவும் இல்லை. கடைசிப் பிழை இரவு 8.40க்குப் பதிவாகியுள்ளது." மனிதர் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். ஒரு வாடிக்கையாளரும் தூங்கவில்லை.

காலையில் பஞ்சாயத்து. சர்வீஸ்களின் நிலவரத்தை விசாரிக்க அந்த பாட் கூப்பிடும் குட்டி புரோகிராம்கள், அதாவது டூல்கள், இரண்டு. முதல் டூலிடம் அது "பேமென்ட்" என்று கேட்டிருக்கிறது. எங்கள் சிஸ்டத்தில் அந்தச் சர்வீஸின் பெயர் "பே கோர்". அப்படி ஒரு பெயரே இல்லை என்று டூல் எரிந்து விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வெறும் பட்டியலை நீட்டியது. பட்டியல் காலி என்றால் பிரச்சினை இல்லை என்று பாட் எடுத்துக்கொண்டது. இரண்டாவது டூல் சொன்ன 20.40 என்பது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், நம் கடிகாரத்தில் 2.10. அதாவது ஐந்து நிமிடம் முன்னால்! அது யூடிசி என்று எங்கேயும் எழுதவில்லை. டெஸ்க்ரிப்ஷன் இருக்க வேண்டிய இடத்தில் "கெட்ஸ் ஸ்டேட்டஸ்" என்று இரண்டே வார்த்தை.

எழுதிய புண்ணியவான் யார் என்று கிட் பிளேம் (எந்த வரியை யார், எப்போது எழுதினார் என்று காட்டிக்கொடுக்கும் கட்டளை) போட்டுப் பார்த்தார்கள். என் பெயர். வெள்ளிக்கிழமை மாலை 6.52. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் அந்த இரண்டு வார்த்தையில் அப்படியே தெரிந்தது.

ஏஐயோடு இப்படி டூல்களை இணைக்க ஒரு பொது முறையாக மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்று ஒன்றை 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்டதிலிருந்து ஊரில் எல்லோரும் டூல் எழுதுகிறார்கள். உள்ளே நாம் எழுதிய புரோகிராம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏஜென்ட், அதாவது டூலைக் கூப்பிடும் ஏஐ, அதைப் பார்ப்பதில்லை. டூலின் பெயர், நாலு வரி டெஸ்க்ரிப்ஷன், என்னென்ன கொடுத்துக் கேட்க வேண்டும் என்ற பட்டியல், அவ்வளவுதான் அதன் கண்ணில் படும். மீதியை அதுவே ஊகித்துக்கொள்ளும். அதிலும் துளி தயக்கம் இருக்காது, எங்கள் பெரியப்பா வழி சொல்கிற மாதிரி.

ஆகவே அம்மா திட்டத் திட்ட டைப் அடித்தேன். "ஒரு சர்வீஸ் இந்த நிமிடம் உயிரோடு இருக்கிறதா என்று நேரடியாகச் சோதிக்கும். சர்வீஸ் பெயர் கீழே உள்ள ஒன்பதில் ஒன்றாக இருக்க வேண்டும். மக்கள் 'பேமென்ட்' என்று சொன்னால் அது பே கோர். நேரமெல்லாம் யூடிசி. சோதனைக்குப் பதில் வராவிட்டால் 'தெரியவில்லை' என்று வரும். அதை 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லக் கூடாது. அறிவிப்புப் பக்கத்தில் போட்டிருப்பதை அறிய இதைப் பயன்படுத்தாதே, அதற்கு வேறு டூல்." அறிவிப்புப் பக்கம் என்பது எதிர்வீட்டு மாமாதான். யாராவது எழுந்து கையால் மாற்றினால்தான் பச்சை சிவப்பாகும். நள்ளிரவில் யார் எழுந்திருப்பார்கள்?

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். "பாட்டை என்னய்யா பண்ணினே? முன்னாடி எவ்வளவு தைரியமா பதில் சொல்லும்! இப்ப ரெண்டு தடவை 'தெரியவில்லை'ங்குது. டல்லாயிடுச்சு." அந்த இரண்டு தடவையும் நெட்வொர்க் போயிருந்தது, உண்மையிலேயே யாருக்கும் தெரியாது என்றேன். "இருந்தாலும்..." என்று இழுத்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, மறுபடியும் அதே குரல். "கரண்ட் இருக்காடா?"

நேராகப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். "ஃபிரிட்ஜ் லைட் எரியுதும்மா. இன்வெர்ட்டர் இல்லை, ஈபி கரண்ட்தான். நேரம் 7.10, நம்ம ஊர் நேரம். மாமாவைக் கேக்கலை."

"இருக்கா இல்லையான்னு கேட்டா கதை அளக்கிறான் பாரு. முதல்ல கதவை மூடு, மாவு புளிச்சுடும்."