கார்டு போகவில்லை, டிரைவர்தான் ஏறவில்லை

நேற்று லினக்ஸில் கெர்னல் (அதன் மையப் பகுதி) அப்டேட், கூடவே பயாஸ் (மதர்போர்டின் தொடக்க மென்பொருள்) அப்டேட். ரீஸ்டார்ட் செய்தால் லோகோ வந்தது, அப்புறம் வெறும் கறுப்புத் திரை. கிராபிக்ஸ் கார்டே போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தியதும் கட்டளை தட்டும் எழுத்துத் திரை திறந்தது. அப்போதுதான் உயிர் வந்தது. (அதுவும் திறக்காவிட்டால் கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், அல்லது கிராபிக்ஸ் டிரைவர் திரை அமைப்பை மாற்றாமல் தடுக்கும் நோமோட்செட் (nomodeset) என்ற சொல்லைச் சேர்த்து பூட் செய்யுங்கள்.)

கணினியில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -கே சேர்த்துக் (lspci -k) கொடுத்தேன். கார்டின் பெயர் இருந்தது. எந்த டிரைவர் இயங்குகிறது என்ற வரி மட்டும் இல்லை. சரி, கார்டு உயிரோடுதான் இருக்கிறது. ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரைத் தயாரித்துத் தரும் டிகேஎம்எஸ்ஸைப் (DKMS) பார்த்தால், புதிய கெர்னலுக்கான மாட்யூலும் (டிரைவர் கோப்பு) தயாராகவே இருந்தது. பிறகு ஏன்? மாட்யூலை ஏற்றும் மோட்புரோப் (modprobe) கட்டளை மூலம் நானே ஏற்றிப் பார்த்தபோது பதில் கிடைத்தது: சாவி நிராகரிக்கப்பட்டது. பயாஸ் அப்டேட்டில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பு ஆன் ஆகியிருக்கிறது! நம்பத்தக்க கையொப்பம் இல்லாத மாட்யூலை அது உள்ளே விடாது.

செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, அது ஒரு நல்ல காவல். நம்பத்தக்க சாவிகளைப் பதிவு செய்யும் மோக்யூட்டில் (mokutil) கட்டளையைக் கொண்டு, மாட்யூலில் கையொப்பமிட்ட சாவியைப் பதிவுக்குக் கொடுத்து, ஒரு கடவுச்சொல் வைத்து, ரீஸ்டார்ட் செய்தேன். அப்போது அந்தப் பதிவை முடிக்க வரும் நீலத் திரை 10 நொடிதான் காத்திருக்கும். உடனே ஏதாவது ஒரு விசையை அழுத்திவிடுங்கள். நான் முதல்முறை தவறவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி செய்தேன்.

இப்போது அந்த டிரைவர் வரி தெரிகிறது. டெஸ்க்டாப்பும் வந்துவிட்டது.