சபாபதி இல்லத்துப் பத்திரிகைக்காரர்

யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் விளையாட்டுப் போட்டிகளுக்காக மாணவரைப் பிரித்த இல்லங்களுக்குப் பெயர் தந்தவர்களில் வழக்கறிஞர் உண்டு, வணிகர் உண்டு, அதிபரும் உண்டு. பத்திரிகையில் எழுதி எழுதியே பொதுவாழ்வுக்குள் வந்தவர் அ. சபாபதி. கல்லூரியில் படித்த காலம் முழுக்க நான் அவருடைய இல்லத்துப் பிள்ளை. அதனால் இம்முறை மலருக்கு அவரைப் பற்றித்தான் எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

1888இல் வண்ணார்பண்ணையில் சைவ பரிபாலன சபை தொடங்கியது. மறு வருடம் செப்டெம்பரில் சபையின் பத்திரிகை வெளிவந்தது. ஆங்கிலத்தில் ‘இந்து ஓகன்’, தமிழில் ‘இந்து சாதனம்’. கல்லூரியைச் சபை பொறுப்பேற்றது 1890இல். அந்தக் குடும்பத்தில் பத்திரிகைதான் மூத்த பிள்ளை, எங்கள் கல்லூரி அதற்குப் பின்னால் வந்தது. கிறிஸ்தவ மிஷன்காரரின் ‘உதயதாரகை’ பத்திரிகை 1841இலேயே வரத் தொடங்கிவிட்டது. அதாவது, சைவர்கள் தங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிந்தியே இறங்கினார்கள். மிஷன் பள்ளிக்கூடம் உள்ள ஊரில் சைவப் பள்ளிக்கூடம் ஒன்றைத் திறந்து அரசாங்க உதவிப்பணம் எடுப்பது லேசான காரியம் இல்லை. கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துத் துரைமாருக்கும் கொழும்புக்கும் விளங்க ஆங்கிலம் வேண்டும், ஊர்த் திண்ணைகளில் வாசித்துக் காட்டத் தமிழ் வேண்டும். அந்த ‘இந்து ஓகன்’ ஆசிரியராக இருந்து வாதாடியவர் சபாபதி.

இதையெல்லாம் எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் இல்லப் பொறுப்பாசிரியர். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள் பின்னேரம். மைதானத்து ஓரத்தில் மூங்கில் நட்டு, கயிறு இழுத்து, வர்ணக் கடதாசி ஒட்டிக்கொண்டு நிற்கிறோம். முழங்கை வரைக்கும் கோதுமை மாப் பசை. சேர் வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சபாபதி, சபாபதி எண்டு தொண்டை கிழியக் கத்திறியள். ஆள் ஆர் எண்டு தெரியுமோ?” ஒருவரும் வாய் திறக்கவில்லை. “பேப்பர்காரன் ஐயா. பேப்பரிலை எழுதி, எங்கடை சனத்துக்காகச் சட்டசபைக்குப் போன மனிசன்.” பிறகு கீழே கிடந்த பழைய பத்திரிகைத் தாள் ஒன்றை எடுத்து, அந்தக் காலத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எப்படி அச்சுக்கோர்த்தார்கள் என்று பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் காற்றில் பொறுக்கிக் காட்டினார். ஆங்கிலத்துக்கு எழுத்து கொஞ்சம், தமிழுக்கு உயிர்மெய் எல்லாம் சேர்த்துப் பெட்டி பெட்டியாக வேண்டும் என்றார். ஒரு வரி எழுதுவதற்கு முன் அந்த மனிசர் ரெண்டு தரம் யோசித்திருப்பார் என்றும் சொன்னார். அன்று வாங்கிய கிண்ணம் எது என்பது மறந்துபோயிற்று. சேரின் விரல்கள் மறக்கவில்லை.

சபாபதி சட்டநிரூபண சபைக்குப் போனது வாக்கு வாங்கி அல்ல. அக்காலத்தில் தமிழர் சார்பில் இருவரைப் பிரித்தானியத் தேசாதிபதி நியமிப்பார். அவர்களில் ஒருவராக இருந்தார். யாழ்ப்பாணத் தமிழரின் அரசியல் அமைப்பான யாழ்ப்பாணச் சங்கத்தின் தலைவரும் அவரே. நியமன உறுப்பினர் என்றால் துரைமாருக்குத் தலையாட்டுபவர் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இவர் விஷயத்தில் அது பொருந்தாது என்பது என் எண்ணம். அதற்கு 1918இல் நடந்ததே போதும்.

அரசியல் சீர்திருத்தம் கேட்க இலங்கையர் எல்லோரும் ஒன்றுசேரவேண்டும் என்று சேர். பொன்னம்பலம் அருணாசலம் பாடுபட்ட காலம் அது. யாழ்ப்பாணத்தார் தயங்கினார்கள். பிரதேசவாரியாக உறுப்பினர்களைத் தெரிவு செய்தால் தமிழர் பங்கு என்னவாகும் என்பது அவர்களுடைய கேள்வி. அப்போதுதான் சிங்களத் தலைவர்களான ஜேம்ஸ் பீரிசும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் கையொப்பமிட்டு ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள்: மேல் மாகாணத்தில் தமிழருக்கென்று ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதை ஆதரிப்போம் என்று. 1918 டிசம்பரில் அருணாசலம் அதைச் சபாபதிக்கு எழுதி அறிவித்தார். யாழ்ப்பாணச் சங்கம் இணங்கி வந்தது. அடுத்த வருடம் டிசம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்தது. அருணாசலமே முதல் தலைவர்.

1921 தேர்தலில் அந்த ஆசனம் தமிழருக்குக் கிடைக்கவில்லை. மேல் மாகாணத்தின் கொழும்பு நகரத் தொகுதிக்கு ஜேம்ஸ் பீரிசே உறுப்பினரானார். அருணாசலம் மனம் கசந்து காங்கிரசை விட்டு விலகினார். ‘நம்பிக் கெட்டார்கள்’ என்று இன்றைக்கும் சிலர் ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாய்ப்பேச்சை நம்பி அவர்கள் போகவில்லை, எழுத்தில் வந்த பிறகுதான் போனார்கள். கொடுத்த எழுத்தைக் காப்பாற்றாதது கொடுத்தவர்களின் குற்றம். வாங்கியவர் தலையில் அதைக் கட்டுவது அநியாயம்.

அந்தத் தேர்தலில் வடமாகாணத்துக்கு ஓர் ஆசனம். வைத்திலிங்கம் துரைசுவாமி வென்றார், பின்னாளில் அரசாங்க சபையின் சபாநாயகராகவும் இருந்தார். அவர் வாழ்க்கை தனியாக எழுதவேண்டியது.

கடைசியாக எங்கள் பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது பழைய பத்திரிகைகளும் எரிந்துபோயின. தப்பிய இதழ்கள் சில ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. இங்கே நம் வீடுகளில், அப்பப்பாவின் பெட்டிக்குள் ‘இந்து சாதனம்’ ஒன்றிரண்டு கிடக்கக்கூடும். கிடந்தால் தயவுசெய்து ஸ்கான் செய்து அவர்களுக்கு அனுப்புங்கள். தாள் நொறுங்குகிறதென்றால் நீங்கள் விரிக்க வேண்டாம், எனக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுங்கள், நானே வந்து பக்குவமாகச் செய்து தருகிறேன்.