அழுதால் சிவக்கும் குழந்தை

"அழுதா செவக்குது, அடங்குனா கறுக்குது டாக்டரம்மா." பிறந்து மூன்று மணி நேரமே ஆன பேத்தியைப் பற்றி அந்தப் பாட்டி சொன்னது இதுதான். நாங்கள் இதயக் கோளாறாக இருக்கும், எக்கோ எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். இதயக் கோளாறால் நீலம் பூக்கும் குழந்தை அழுதால் இன்னும் மோசமாகும். இது நேர்மாறு.

6 பிரெஞ்ச் அளவுள்ள மெல்லிய சக்‌ஷன் குழாயை மூக்கில் விட்டேன். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போகவில்லை. மறுபக்கமும் அதே கதை. கோவானல் அட்ரீசியா. மூக்கின் பின்வாசல் தொண்டைக்குள் திறக்காமல், எலும்பும் சவ்வுமாக அடைத்திருப்பது. சுமார் 7,000 பிரசவங்களுக்கு ஒன்று. பெண் குழந்தைகளுக்கே அதிகம். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் அடைக்கும். இரண்டும் அடைத்தால் பிறந்த உடனே கண்டம். முதல் சில வாரங்களுக்குக் குழந்தை மூக்கை நம்பித்தான் மூச்சு விடும். அழும்போதுதான் வாய்வழியாகக் காற்று போகும்.

அழும் பிள்ளையைத் தூக்கி ஆற்றாமல் எந்தப் பாட்டியால் இருக்க முடியும்? "கொஞ்ச நேரம் அழட்டும், விடுங்க" என்றதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதற்குள் நர்ஸ் ஒரு பால் பாட்டில் நிப்பிளைக் கொண்டுவந்தார். முனையைக் கத்தரித்துப் பெரிய ஓட்டையாக்கி, வாயில் வைத்து, கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டினோம். புத்தகத்தில் இதற்கு மெக்கவர்ன் நிப்பிள் என்று பெயர். எங்களிடம் இருந்தது வார்டு கத்தரிக்கோல். அழுகை நின்றது, உதடு சிவப்பாகவே இருந்தது. பால், வாய்வழியாக விட்ட குழாயில்.

சி.டி. ஸ்கேன் எடுத்தோம். இந்த அடைப்போடு கண், காது, இதயக் குறைகளும் சேர்ந்து வருவதுண்டு என்பதால் அவற்றையும் பார்த்தோம், நல்லவேளை, ஒன்றுமில்லை. எண்டோஸ்கோப் வழியாக அடைப்பைத் திறந்து, இரண்டு பக்கமும் ஸ்டென்ட் குழாய் வைத்தோம். ஸ்டென்ட் தேவையா என்று எங்கள் துறையில் இன்னும் சண்டைதான். என்னைக் கேட்டால், ஆபரேஷன் பாதி வேலை. திறந்த வழி மறுபடி சுருங்கப் பார்க்கும். குழாய் சளியில் அடைத்தால் மறுபடி முதல் நாள் நிலைமைதான். சலைன் சொட்டு விட்டு சக்‌ஷன் வைக்க அம்மாவுக்குக் கை நடுங்கியது. பாட்டி இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். "சத்தம் கரகரன்னா சளி, விசில் அடிச்சா காஞ்சுபோச்சு" என்று நர்ஸுக்கே பாடம் எடுத்தார். ஆறு வாரம் கழித்து ஸ்டென்டை எடுத்தோம். அப்புறமும் வலது பக்கத்தை இரண்டு முறை விரித்துவிட வேண்டியிருந்தது.

இந்தப் பாட்டி சொன்னதை நான் காது கொடுத்துக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்குச் சில வருடங்கள் முன்பு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். வலது மூக்கில் மட்டும் கெட்டிச் சளி. "பொறந்ததுலேருந்தே இந்தப் பக்கந்தான் ஒழுகுது" என்று அவள் அம்மா முதல் நாளே சொன்னார். நான் சைனஸ் என்று எழுதி, ஐந்து மாதம் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். பயிற்சி மருத்துவர் ஒருவர் ஒருநாள் சில்லென்ற இரும்பு நாக்குக் கரண்டியை அவள் மூக்குக்குக் கீழே பிடித்தார். ஆவி இடது பக்கம் மட்டும்தான் படிந்தது. வலது பக்கம் பிறவியிலேயே இதே அடைப்பு.

ஆபரேஷனுக்கு மறுநாள் மூக்கிலிருந்த பஞ்சை உருவினேன். இரண்டு தடவை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்க ஜில்லுன்னு இருக்கு, டாக்டர்."