அத்தான்ர மட் ரயரும் கும்புறுபிட்டி மணலும்

திருகோணமலையில ஃபோர் வீல், அதாவது நாலு சில்லையும் எஞ்சின் சுத்துற வாகனம், வச்சிருக்கிற ஆம்பிளையளுக்கு ஒரு வருத்தம் இருக்கு, அதுக்கு மருந்து இல்ல. வாகனம் கொம்பனியில இருந்து எப்பிடி வந்ததோ அப்பிடியே நிண்டா அவையளுக்கு நித்திரை வராது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரி வரைக்கும் திறக்காமலே வச்சிருந்ததோட இந்த வருத்தம் நல்லா முத்திப்போச்சு, புதுசு வாங்க ஏலாது, அப்ப கிடக்கிறதையே சோடிப்பம் எண்டு எல்லாரும் வெளிக்கிட்டினம். எங்கட அத்தான், அதுதான் அக்கான்ர மனுசன், அதில முன்வரிசை.

அவரிட்ட ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் கிடக்கு, முன்னுக்கு ரெண்டு வரிசை சீற்றும் பின்னுக்கு சாமான் ஏத்துற பெட்டியும். நல்ல வாகனம், குறை சொல்லேலாது. அது கண்ட பெரிய ஓஃப் ரோட் எண்டா மாரி மழைக்கு எங்கட ஒழுங்கையில நிக்கிற வெள்ளத்துக்குள்ளால அக்காவ கந்தோருக்கு கொண்டுபோய் விட்டதுதான். ஆனா மனுசன் போனில பாக்கிறது முழுக்க அவுஸ்திரேலியாப் பாலைவனமும் ஆத்துக்குள்ள இறங்கிற ஜீப்பும். ஒருநாள் இரவு சாப்பாட்டுக் கோப்பையோட எனக்குப் பக்கத்தில வந்து இருந்து, "தம்பி, கொம்பனி பூட்டி விட்ட ஸ்டொக் ரயரில என்னடா கிடக்கு, அது சந்தைக்குப் போய் வாறவைக்கு" எண்டார். குசினிக்குள்ள இருந்து அக்கா, "சந்தைக்கு நீங்கதானே போறனீங்கள்" எண்டா. அத்தான் அதக் காதில விழுத்தேல்ல.

பேந்து எனக்கு ஒரு வகுப்பு நடந்தது. ரயரில 265/65 ஆர் 17 எண்டு எழுதிக் கிடக்கும், 265 எண்டா அகலம் மில்லிமீற்றரில, 65 எண்டா அந்த அகலத்தில 65 வீதம் பக்கச்சுவரின்ர உயரம், 17 எண்டா ரிம் எத்தின இஞ்சி. இவர் மாத்தப்போறது 265/70. அதோட எச்.டி இல்ல, ஏ.டி இல்ல, நேர எம்.டி. எச்.டி எண்டா தார் ரோட்டுக்கு, ஏ.டி எண்டா ரோட்டுக்கும் காட்டுக்கும் நடுவில, எம்.டி எண்டா மட் ரயர், சேத்துக்கு எண்டே செய்தது, பெரிய பெரிய கட்டை கட்டையா பூ வெட்டியிருப்பான். "ஏ.டி போட்டா காணுமே அத்தான், நீங்க எந்தச் சேத்துக்கப் போறீங்கள்" எண்டு கேட்டன். அவர் என்னைப் பாத்த பார்வையிலயே அடுத்த தீபாவளிக்கு எனக்கு ஒண்டும் வராது எண்டு விளங்கிட்டுது.

ரயர் வாங்கப் போனதும் ஒரு கூத்து. கடைக்காரன் "நேத்துத்தான் கொண்டெய்னர் வந்தது, வாசம் பாருங்கோ" எண்டு சொல்ல அத்தான் உண்மையாவே குனிஞ்சு மணந்து பாத்தார். நான் ரயர உருட்டி அந்த முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள கிடக்கிற நாலு இலக்கத்தத் தேடினன். முதல் ரெண்டு எத்தினையாம் கிழமை, கடைசி ரெண்டு எந்த வருசம். 1417 எண்டு கிடந்தது. அதாவது 2017 இல 14ஆம் கிழமை செய்த சாமான். காட்டினா, "அது மொடல் நம்பர் தம்பி" எண்டான், ஒரு கூச்சமும் இல்லாமல். பேந்து கொஞ்சம் இழுபறிப்பட்டு பின்னால களஞ்சியத்தில இருந்து புதுசா நாலு வந்தது. விலைய இதில எழுதமாட்டன், அக்கா வாசிப்பா.

பூட்டிக்கொண்டு வந்து வாசலில நிப்பாட்டிப்போட்டு ஹோர்ன் அடிச்சு எல்லாரையும் கூப்பிட்டார். அக்கா சுத்திச் சுத்திப் பாத்திட்டு, "என்ன மாத்தினனீங்கள்?" எண்டா. "வாகனம் உயந்திட்டு, தெரியேல்லயே?" எண்டு மனுசனுக்கு கோவம் வந்திட்டுது. கணக்குப் பாத்தா பழைய ரயரின்ர முழு உயரம் 776 மில்லிமீற்றர், புதுசு 803. அதில பாதிதான் அச்சுக்குக் கீழ கூடும், ஆகமொத்தம் வாகனம் உயந்தது 13 மில்லிமீற்றர். மருமோள் பள்ளிக்கூட அடிமட்டத்தக் கொண்டுவந்து 13 எவ்வளவு எண்டு தாய்க்குக் காட்டினாள். அக்கா அந்த அடிமட்டத்தப் பாத்தா, புருசனப் பாத்தா, உள்ள போயிட்டா.

வந்த மற்ற மாற்றங்கள் அவர் கேக்காமலே வந்தது. ரயர் பெரிசானதால மீற்றர் 100 காட்டேக்க உண்மையில 103 கிட்ட ஓடுது. ஸ்டேரிங்க முழுசா ஒடிச்சா உள்ளுக்கு பிளாஸ்டிக்கில கரகர எண்டு உரசுது. கந்தளாய்ப் பக்கம் ஏ6 ரோட்டில கொஞ்சம் அமத்தினா ரயர் 'ஊஊஊ' எண்டு அழும், ரேடியோவில செய்தி வாசிக்கிறது யார் எண்டே விளங்காது. அதுக்குமேல மனுசன் எடுப்புக்கு டவுனுக்குள்ள நாலு சில்லுக்கும் சக்தி குடுக்கிற 4எச் லீவரப் போட்டுக்கொண்டு ஓடினவர். இந்த மாதிரி வாகனத்துக்கு நடுவில டிஃபரென்ஷல், அதாவது முன்னையும் பின்னையும் வேற வேற வேகத்தில சுத்த விடுற பல்லுச்சில்லுப் பெட்டி, இல்ல, முடக்கில முன் சில்லு ஓடுற தூரமும் பின் சில்லு ஓடுற தூரமும் வேற வேற, மணலில எண்டா சில்லு கொஞ்சம் வழுக்கி அதச் சரிக்கட்டும், தார் ரோட்டில வழுக்க இடம் இல்லாததால முழுப் பாரமும் கியர்ப் பெட்டிக்குள்ளதான் போய் முறுகும். ஏகாம்பரம் ரோட்டு முடக்கில கெப் துள்ளித் துள்ளித் திரும்பினதப் பாத்து ஒரு ஓட்டோக்காரன் "அண்ணை, கிளட்ச் போட்டுதோ?" எண்டு கேட்டான். "ஃபோர் வீல் தம்பி" எண்டு அத்தான் சொன்ன மாதிரியில அந்தப் பெடியன் அது ஏதோ நோய் எண்டு நினைச்சிருப்பான்.

சரி, விசயத்துக்கு வாறன். தென்மேற்கால வாற கச்சான் காத்து தொடங்கின காலம், கடல் எங்கட பக்கம் பாய் விரிச்சமாதிரிக் கிடக்கும், கரையில நிண்டு இழுக்கிற கரைவலைக் காலமும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை விடிய எல்லாரையும் ஏத்திக்கொண்டு, வலை இழுக்கிற இடத்திலயே மீன் வாங்குவம், அப்பிடியே ரயரையும் பாப்பம் எண்டு வெளிக்கிட்டார். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம் எல்லாம் தாண்டி கும்புறுபிட்டிப் பக்கம் ஒரு மண் ஒழுங்கையால கரைக்கு இறங்கினம். ஒழுங்கை முடியிற இடத்தில மற்ற வாகனம் எல்லாம் நிக்குது. அத்தான் நிக்கேல்ல. "இப்ப பாருங்கோ" எண்டார்.

பாத்தம். கச்சான் அடிச்சு அடிச்சு காஞ்ச மணல், கால் வச்சா கணுக்கால் மட்டும் போகும். கெப் ஒரு இருவது முப்பது யார் நல்லாத்தான் போச்சுது. பிறகு மெல்ல மெல்ல இழுவை குறைய, எல்லா ஆம்பிளையளும் செய்யிறதத்தான் இவரும் செய்தார், அக்ஸிலேட்டர மிதிச்சார். அந்தக் கட்டை கட்டைப் பூ இருக்கே, அது சேத்தில கவ்வும், மணலில திருவலை தேங்காயத் துருவிற மாதிரி துருவி பின்னால எறியும். சில்லு சுத்தச் சுத்த வாகனம் முன்னுக்குப் போகாமல் கீழுக்குப் போச்சுது. முன்னுக்கு ஒரு சில்லு, பின்னுக்கு ஒரு சில்லு மட்டும் சுத்துது, மற்ற ரெண்டும் புதினம் பாக்குது. ஃபோர் வீல் எண்டு பேர் இருந்தாலும் ரெண்டு அச்சிலயும் இடது வலது சில்லைச் சேத்துப் பூட்டுற டிஃபரென்ஷல் லொக் இல்லாட்டி கதை அவ்வளவுதான், எந்தப் பக்கம் லேசோ அந்தச் சில்லுக்கே சக்தி எல்லாம் ஓடிரும். கடைசியில வயிறு மணலில குந்திட்டுது. 13 மில்லிமீற்றர் உயந்த வயிறு.

"அப்பா, இத ரீல் போடவா?" எண்டு மருமோள் கேட்டாள். "இறங்குங்கோ எல்லாரும்" எண்டுதான் பதில் வந்தது.

கரையில வலை இழுபட்டுக்கொண்டு இருக்கு. முந்தி ரெண்டு பக்கமும் ஆக்கள் வரிசையா நிண்டு அம்பா பாடி இழுத்த கயித்த அண்டைக்கு உழவு மெசினில பூட்டின வின்ச் இழுத்துக்கொண்டு நிண்டுது. அத்தான் நேர வலைக்குச் சொந்தக்காரர் சம்மாட்டியாரிட்டப் போய், மெசின ஒருக்கா விடுங்கோ, கெப்ப இழுத்திட்டுத் தாறன் எண்டு கேட்டார். சம்மாட்டியார் வெத்திலைய ஒருபக்கம் ஒதுக்கிப்போட்டு, "மடி ஏறட்டும் தம்பி, அதுக்குப் பிறகு பாப்பம்" எண்டார். கடலப் பாத்தா மடி, அதுதான் மீன் சேருற வலைப் பை, எங்கயோ தூரத்தில கிடக்கு. அத்தான் திரும்பி வந்து மண்வெட்டி இல்லாமல் ஹொட்பொக்ஸ் மூடியால மணல் அள்ளத் தொடங்கினார். அக்கா பார்த்துக்கொண்டே நிண்டா. "அது என்ர கல்யாணத்துக்கு வந்தது" எண்டு மட்டும் சொன்னா.

அந்த நேரம் பாத்து மீன் ஏத்துறவர் ஒராள் வாறார், எங்கட கெப்ப விட இன்னும் பழசு, அதுவும் ஃபோர் வீல்தான், கதவு ஒரு நிறம், பொனட் ஒரு நிறம், பின்னுக்கு ஐஸ்பெட்டி. ரயர் நாலும் சாதாரண ரோட்டு ரயர், பூ தேஞ்சு மொட்டை. அந்த மொட்டை ரயரோட சத்தமே இல்லாமல், முன்னம் தான் போட்ட தடத்திலயே ஊர்ந்து, எங்களத் தாண்டிப் போய் வலைக்குக் கிட்ட நிண்டுது. அத்தான் மூடியக் கையில வச்சபடி பாத்துக்கொண்டு நிண்டார்.

மனுசன் இறங்கி வந்து சாரத்தை மடிச்சுக் கட்டி எங்கட ரயருக்குப் பக்கத்தில குந்தினார். கையால தட்டிப் பாத்தார்.

"எவ்வளவு காத்து?"

"முப்பத்தஞ்சு."

"ரயர் நல்லம். காத்துத்தான் கூட."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு குச்சிய எடுத்து வால்வுக்குள்ள குத்திப் பிடிச்சார், 'உஸ்ஸ்ஸ்' எண்டு காத்துப் போகத் தொடங்கிட்டுது. அத்தான்ர முகத்தப் பாக்கோணும், சேமிப்புப் புத்தகத்தில இருந்து காசு போறமாதிரி நிண்டார். வாகனத்தின்ர பாரம் மாறாது, காத்து பாதியானா ரயர் நிலத்தில படுற இடம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும், அதுவும் அகலத்தில இல்ல, நீளத்துக்குத்தான் கூடும், அப்பதான் மணலக் கிண்டாமல் மேலால ஏறி ஓடும். பதினாறு பதினேழு பி.எஸ்.ஐ மட்டும் இறக்கினார். இன்னும் இறக்குவமோ எண்டு அத்தான் ஆசையா கேக்க, பத்துக்குக் கிட்டப் போனா ஸ்டேரிங்க ஒடிக்கேக்க ரயர் ரிம்மில இருந்து கழண்டிரும் எண்டு தடுத்துப்போட்டார். பிறகு வாடியில இருந்து ரெண்டு மூண்டு பழைய கிடுகு எடுத்துவந்து சில்லுக்குப் பின்னால செருகி, "முன்னுக்கு வேணாம், வந்த தடத்தாலயே பின்னுக்கு எடுங்கோ, ஸ்டேரிங் நேர, மிதிக்கக்கூடாது" எண்டார். மெல்ல ஓடி இழுவையக் கூட்டுற 4எல் கியரப் போட்டு அத்தான் கிளட்ச மெல்ல விட்டார். கிடுகு சடசட எண்டு முறிஞ்சுது, கெப் ஒருக்கா அசைஞ்சுது, அப்பிடியே பின்னுக்கு ஏறி வந்திட்டுது. மடி இன்னும் ஏறேல்ல.

நான் அப்ப மனசுக்குள்ள ஒரு கணக்குப் பாத்தன். பழைய ஸ்டொக் ரயரிலயே அந்தக் காத்த இறக்கியிருந்தா இந்த மணலில ஓடியிருக்கும், செலவு ஒரு குச்சி. மட் ரயருக்கும் ஒரு இடம் இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்ல, மார்கழியில தம்பலகாமம் வயல் பாதையிலயோ வெருகல் பக்கம் வெள்ளம் வடிஞ்ச களிமண்ணிலயோ அந்தக் கட்டைப் பூதான் காப்பாத்தும், தேஞ்ச ரோட்டு ரயர் போட்டவன் அங்க விடிய விடிய நிப்பான். ஆனா எங்கட அத்தான் அங்க போகமாட்டார், சேறு பட்டா கழுவோணும்.

மீன் வாங்கி ஏத்தியாச்சு. இப்பதான் அடுத்த பிரச்சினை, காத்து இறக்கத் தெரிஞ்ச ஆளுக்கு அடிக்க ஒண்டும் இல்ல. மெலிஞ்ச ரயரோட தார் ரோட்டில விரட்டினா பக்கச்சுவர் மடிஞ்சு மடிஞ்சு சூடாகி வெடிக்கும், அதனால நிலாவெளியில காத்து அடிக்கிற இடம் மட்டும் உருட்டித்தான் போகோணும். உருட்டினம். பின்னால நிண்ட பஸ்காரன் ஹோர்ன் அடிச்சே களைச்சுப்போய் முந்திட்டான். மோட்டச்சைக்கிள், லான்ட்மாஸ்டர், பிறகு வீதி வீதியா பாண் விக்கிற ஒரு சூன் பாண் ஓட்டோக்காரன் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து எங்களுக்குப் பக்கத்தில சமனா ஓடத் தொடங்கினான். நாங்கள் பாண் வாங்கத்தான் மெல்லப் போறம் எண்டு நினைச்சிட்டான். அவன் நிப்பாட்ட, எங்களுக்கும் வேற வழி தெரியாமல் நிப்பாட்டி, பின்னுக்கு அந்தளவு மீனையும் வச்சுக்கொண்டு எல்லாருக்கும் உள்ளுக்கு மீன் வச்ச மாலு பாண் வாங்கிச் சாப்பிட்டம். அக்கா அண்டைக்கு முதல்தரமா சிரிச்சது அதிலதான்.

அடுத்த கிழமையே அத்தான் பற்றரியில ஓடுற ஒரு குட்டிக் கொம்ப்ரெசர் வாங்கிட்டார். அண்டையில இருந்து கெப் ஒரு மணலுக்கும் போகேல்ல, கொம்ப்ரெசர் மட்டும் ஓயாமல் வேலை செய்யுது. விடிய பள்ளிக்கூடம் போற பெடியளின்ர சைக்கிள், பின்னேரம் ஓட்டோக்காரர், கோயில் ஐயர்ட ஸ்கூட்டி, எல்லாம் எங்கட வாசலில வரிசை. காசு வாங்கிறதில்ல, பதிலா எல்லாரும் கட்டாயம் கும்புறுபிட்டிக் கதையக் கேக்கோணும், அதில இப்ப மீன் ஏத்துறவர் இல்ல, காத்த இறக்கச் சொன்னதே அத்தான்தான். நேத்து முன்வீட்டு அம்மம்மா பேரன்ர பந்தக் கொண்டுவந்து, "தம்பி, இதுக்கும் கொஞ்சம் காத்து அடிச்சுத் தாங்கோவன்" எண்டு நீட்டினா. அத்தான் பந்த வாங்கி, அமத்திப் பாத்து, திருப்பித் திருப்பிப் பாத்து, நல்லா யோசிச்சிட்டுக் கேட்டார்:

"பெடியன் விளையாடுறது மணலிலயோ, தார் ரோட்டிலயோ?"