அந்த ஒரு தடவை

"அந்தக் கேள்வியைக் கேட்காதீங்க சார்" என்று சொன்னது நான்தான். இரண்டு வருடமாகியும் மனம் அங்கேயே சுற்றுகிறது.

ஞாயிறு சாயங்காலம், நான் கவனித்துக்கொண்ட பாட்டியின் மகன் டல்லாஸிலிருந்து வீடியோ காலில் வருவார். எடுத்ததும், "அம்மா, நான் யாரு சொல்லு?" பாட்டி திரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், விடை என் நெற்றியில் எழுதியிருப்பதுபோல. முந்தானையை விரலில் சுற்றத் தொடங்குவார். பாட்டிக்கு அல்சைமர், மறதி நோய். அதில் முதலில் அடிவாங்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகேம்பஸ், புது நினைவு பதியத் தேவையான மூளைப் பகுதி. அதனால் போன் வந்ததே அரைமணியில் மறந்துவிடும். பதற்றம் மட்டும் போகாது. ராத்திரிச் சாப்பாடு இறங்காது.

"பரீட்சை வைக்காதீங்க, நீங்களே பேரைச் சொல்லிட்டுப் பழைய கதை பேசுங்க" என்றேன். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். இருட்டத் தொடங்கினாலே பாட்டிக்கு "வீட்டுக்குப் போகணும்" என்ற தவிப்பு வரும் என்பதால், காலை 10 மணிக்குக் கூப்பிடச் சொன்னேன். அவருக்கு அது நள்ளிரவை ஒட்டிய நேரம். மறுபேச்சில்லாமல் மாற்றிக்கொண்டார்.

அடுத்த வாரம் பேரைச் சொன்னதும் பாட்டி முகம் மலர்ந்தது. "அப்படியா தம்பி? என் மூத்தவன் பேரும் அதுதான். அமெரிக்காவுல இருக்கான். போனே பண்ண மாட்டான், பாவம், என்ன வேலையோ." ரசம் சாதத்துக்கு அப்பளம் இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவானாம். அவரைப் பற்றி அவரிடமே இருபது நிமிடம். அவரும் "அப்படியாம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மதியம் தட்டு காலி. எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

சில வாரம் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், முன்னாடி பத்து தடவை கேட்டா ஒரு தடவையாவது 'கண்ணா'ன்னுடுவாங்க. அதுக்காகத்தான் கேட்டேன்."

நான் பார்க்க வேண்டியது நோயாளியைத்தான். சரி. ஆனால் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளும் நான்தானே? ஒன்பது தடவை பயந்தது கண்ணில் பட்டது, அந்த ஒரு தடவை மட்டும் எப்படி விட்டுப்போனது? இன்னொன்றும் உறுத்துகிறது. நேரத்தையும் கேள்வியையும் ஒன்றாக மாற்றிவிட்டேன். பாட்டியை அமைதியாக்கியது காலை வேளைதானோ என்னவோ. கேள்வியை விட்டுவைத்திருக்கலாம்.

ஒருநாள் அழைப்பு முடிந்து போனை வைக்கும்போது, "உங்க மூத்தவர் எப்படி இருப்பாரு பாட்டி?" என்றேன்.

"இப்பப் பேசிச்சே அந்தத் தம்பி, அதே ஜாடை."

இதை அவரிடம் நான் சொல்லவில்லை.